எலேனியின் வீட்டிலிருந்து சொல்லாமல் வந்தோம்

1

சென்ற மாதம் இவருடைய ஆட்டைத் திவசம் வந்தது. என் கணவர் போய் ஒரு வருடமாகிவிட்டது. நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் தொடர்மாடி வீட்டில்தான் செய்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, கூரையில் இருக்கிற புகை மணி அலறிவிடும் என்று பயந்து, ஐயர் கற்பூரத்தை நகமளவு கிள்ளி வைத்துக் காட்டினார். இந்த நாட்டில் எங்கள் சாமிகளும் பிதிர்களும் புகை மணிக்குப் பயந்தே காலம் தள்ளுகிறார்கள்.

கீழ்வீட்டு பெரித்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். தனியாக இருக்கிற நோர்வேஜிய மனுசி. பனிக்காலத்தில் வாசற்படி சறுக்காமல் இருக்க இவர் மணல் தூவிவிடுவார் என்று எப்போதும் நன்றியோடு இருந்தவர். கத்தரிக்காய்க் குழம்பின் உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அதற்குள் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி, சப்பாத்தைத் தேடிக் காலில் கொழுவிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். ஏனென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செத்தவீட்டிலும் திவசவீட்டிலும் 'போட்டுவாறன்' சொல்லக்கூடாது. போய்த் திரும்பி வருகிறேன் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு நாள் வைத்ததாகிவிடும்.

பெரித்துக்கு இது தெரியாது. வாசலில் நின்று, சாப்பாட்டுக்கு நன்றி, கூப்பிட்டதற்கு நன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, கடைசியில், நோர்வேஜியர் விடைபெறும்போது சொல்கிறபடி, வீடு முழுக்கக் கேட்க, "ஹா டெ! திரும்பவும் சந்திப்போம்!" என்றார்.

சோதி அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "உந்த மனுசிக்கு ஆராவது சொல்லியிருக்கக்கூடாதே, பிள்ளை?" என்று என்னைப் பார்த்தார். சோதி அக்கா எங்கள் பகுதியில் முறை தவறாமல் பார்த்துக்கொள்கிறவர். நான் அவரைப் பார்க்காமல் பெரித்தின் கையைப் பிடித்து, "ஹா டெ, பெரித். கட்டாயம் வாங்கோ" என்றேன். சோதி அக்கா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

கலங்கவில்லை. போன கோடையில் நான் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போனேன். தாலி அறுத்து அரை வருடம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்குக் கடற்கரை கேட்குதோ என்று கதைத்தவர்களும் உண்டு. நான் வெயில் காயப் போகவில்லை. அங்கே ஒருத்தியின் மனதை நாங்கள் நோகப்பண்ணிவிட்டு வந்திருந்தோம். அவளுடைய வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் எப்படிப் போனோம் என்று சொல்லவேண்டும். இங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கினால், பிள்ளைகள் எங்கே போய்வந்தோம் என்று வகுப்பில் எழும்பிச் சொல்லவேண்டும். நோர்வேஜியப் பிள்ளைகள் எல்லாரும் 'தெற்குக்கு' போய்வந்திருப்பார்கள். தெற்கு என்றால் வெயில் எறிக்கிற எந்தக் கடற்கரையும்தான். எங்கள் ஒரே பிள்ளை அபி, ஒரு வருடம் ரொறன்ரோவில் கலியாணவீடு, அடுத்த வருடம் லண்டனில் சாமத்தியவீடு என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாள்.

"அப்பா, நாங்களும் ஒருக்கா தெற்குக்குப் போவமே? சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு?"

இவர் பஸ் ஓட்டினவர். வேலைத்தலத்தில் யாரோ ஒருவர் சொன்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பெரிய தீவொன்றில் விமானத்தால் இறங்கி, அங்கிருந்து கப்பல் எடுக்கவேண்டும். நான் கோண்டாவில். இவர் வேலணைத் தீவு. "தீவாருக்குத் தீவைக் கண்டாத்தான் நித்திரை வரும்" என்று பகிடி பண்ணினேன். அவர் கோபிக்கவில்லை. அது உண்மையும்தான்.

அங்கேதான் எலேனியும் யோர்கோசும் தங்குவிடுதி வைத்திருந்தார்கள். விடுதி என்றால் தங்கள் வீட்டை ஒட்டிக் கட்டிய ஐந்து அறைகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்துக்கு மேலே முந்திரிகைக் கொடிப் பந்தல். அறைகளைக் கூட்டுவது, படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பது, காலைச் சாப்பாடு, எல்லாம் எலேனி. துறைமுகத்துக்கு வந்து ஆட்களை ஏற்றுவதும், தண்ணீர்க் குழாய் திருத்துவதும், மிச்ச நேரம் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்து எலேனியிடம் ஏச்சு வாங்குவதும் யோர்கோஸ்.

யோர்கோஸ் இளவயதில் நோர்வேஜியக் கப்பல் ஒன்றில் வேலை செய்தவர். கப்பலில் கற்ற நோர்வேஜிய மொழி அவரிடம் மிச்சமிருந்தது. அதில் பாதி சாப்பாட்டின் பெயர், பாதி தூசணம். எங்களுடையவரோ அகதி வகுப்பில் மொழி படித்தவர். இரண்டுபேரும் பந்தலுக்குக் கீழே இருந்து கதைத்ததை நோர்வேஜியர் எவராவது கேட்டிருந்தால் அழுதிருப்பார். இவர்களுக்கு அது போதுமாயிருந்தது. இவர் யோர்கோசை 'யோகேஸ் அண்ணை' ஆக்கிவிட்டார். அந்த மனுசனும் அதற்கு ஓம் என்று தலையாட்டினார்.

எனக்கும் எலேனிக்கும் மொழி ஒன்றுமே இல்லை. அவளுக்கு விருந்தாளிகளிடம் பழகிய ஆங்கிலம் கொஞ்சம். எனக்கு நோர்வேஜிய மொழி வந்ததும் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இடம் கேட்காமல் எழும்பிப் போய்விட்டது. முதல் வருடம் நான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போய், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குசினிக்குள் விட்டாள். வேறு எந்த விருந்தாளியும் அந்தக் குசினிக்குள் கால் வைத்ததில்லை. அடுத்த வருடம் நான் மிளகாய்த்தூளோடு போய் மீன் பொரித்தேன். எலேனி இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். பிறகு வந்து இரண்டாவது துண்டையும் எடுத்தாள்.

இப்படியே ஒவ்வொரு கோடையும் போனோம். ஊருக்கு இத்தனை தரம் போனதில்லை. திரும்புகிற அன்றைக்கு ஒழுங்கை வாசலில் ஒரு சின்னச் சடங்கு இருக்கும். எலேனி ஒரு பையில் காய்ந்த ஒறிகானோ இலையும், உப்பில் போட்ட கேப்பர் மொட்டுகள் ஒரு போத்தலும் வைத்துத் தருவாள். யோர்கோஸ், "கே தூ க்ரோனு" என்பார். 'அடுத்த வருடமும்' என்று அர்த்தமாம். இவர் தமிழிலேயே, "போட்டுவாறம், அண்ணை" என்பார். இரண்டும் ஒரே சொல்தான் என்று இவருக்கு ஒரு பெருமை.

3

போன கோடைக்கு முந்தின கோடையில் அபி வரவில்லை. துரொண்ட்ஹெய்மில் படித்து, அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். அவளுடைய விடுமுறை அவளுடைய கூட்டாளிகளுக்கு என்று ஆகியிருந்தது. நாங்கள் இரண்டுபேரும் தனியாகப் போனோம்.

ஒரு பின்னேரம் யோர்கோஸ் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். எலேனி வழக்கம்போல ஏசிக்கொண்டே கோப்பியோடு வந்தாள். பதில் வரவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். தூரத்தில் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

மற்ற அறைகளில் இருந்தவர்கள் மரியாதையாக வேறு விடுதிகளுக்கு மாறிப்போனார்கள். நாங்கள் போகவில்லை. எங்கே போவது? அது எங்களுக்குச் செத்தவீடு. நான் முற்றம் கூட்டினேன். வந்தவர்கள் குடித்த கோப்பிக் கோப்பைகளைக் கழுவினேன். எங்கள் முறைப்படி அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று நான் ஒன்றும் சமைக்கவில்லை. இவர் மற்ற ஆண்களோடு சேர்ந்து பெட்டியைத் தோளில் வைத்துத் தேவாலய ஏற்றம் ஏறினார். திரும்பி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "என்ரை அண்ணையைத் தூக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை. இவரைத் தூக்கிப்போட்டன்" என்றார். அவருடைய தமையன் ஊரில் இறந்தபோது எங்களால் போகமுடியாமல் இருந்தது. அதைச் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் எங்களுக்குப் பயணம். எலேனி குசினிக்குள் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. நாங்கள் பயணப் பெட்டியை உருட்டினால் சத்தம் கேட்கும் என்று தூக்கிக்கொண்டு வந்தோம்.

"இஞ்சாரும், மறந்துபோய்ச் சொல்லிப்போடாதையும்" என்று இவர் காதுக்குள் சொன்னார்.

"எனக்குத் தெரியாதே? நீங்கள் உங்கடை வாயைக் கவனியுங்கோ."

முற்றத்தைக் கடந்து, ஒழுங்கையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இவர் வாய் திறந்தார். "செய்யவேண்டியதை முறையாச் செய்துபோட்டம்" என்றார். எனக்கும் அந்தத் திருப்தி இருந்தது. வீடு வந்துசேரும் வரைக்கும் இருந்தது.

4

அதற்குப் பிறகு எலேனியிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. முந்தி நத்தார்ப் பண்டிகைக்குப் படம் அனுப்புவாள், பூனை குட்டி போட்டால் படம் அனுப்புவாள். இவர் பனியில் நிற்கிற தன்னுடைய பஸ்சைப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை.

"துக்கம்தானே. ஆட்டை முடியுமட்டும் அப்பிடித்தான் இருப்பா" என்றேன் நான். எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

மாசி மாதம் ஒரு விடியற்காலை, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, வாசலில் நின்று, "போட்டுவாறன், இஞ்சாரும்" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போனார். பஸ் தரிப்பிடத்தில், பஸ்சில் ஏறுவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் டொக்டர் பெண், நோர்வேஜிய வழக்கப்படி, உங்கள் கணவர் போய்விட்டார் என்று மெதுவாகச் சொன்னாள். நான் "எங்கே?" என்று கேட்டேன். அதே சொல்லை எத்தனை குடும்பங்களுக்கு நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்தபோது மொழி தெரியாமல் போய்விட்டது.

பிறகு இந்த நாட்டின் கடதாசிகள். உடலை எரிக்க முறை வருவதற்குள் எட்டாம் நாள் வந்துவிட்டது. எரியாத உடலுக்கு எட்டுச் செலவுச் சடங்கு செய்யலாமோ என்று ஐயரிடம் கேட்டால், அவர் எரித்த நாளில் இருந்து எண்ணுங்கோ என்றார். சோதி அக்கா இல்லை, உயிர் போன நாள்தான் கணக்கு என்றார். அபி ஒரு கையில் தொலைபேசியோடு, அலுவலகத்துக்கு அலுவலகம் அப்பாவின் பிறப்பு இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே நின்றாள். ஓரிடத்தில், சம்பந்தப்பட்டவரையே பேசச் சொல்லுங்கள் என்றார்களாம். அவள் அப்போதும் அழவில்லை.

அழுதது கடைசிச் சடங்கு முடிந்த அன்றைக்குத்தான். வந்தவர்கள் எல்லாரும் போய், வாசலில் எங்களுடைய சப்பாத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. எங்கள் பிள்ளைக்குப் பசி தமிழில் வரும், கோபம் நோர்வேஜிய மொழியில்தான் வரும். அன்றைக்கு முதல்தரம் தமிழில் கோபப்பட்டாள்.

"ஒருத்தரும் எனக்கு ஹா டெ சொல்லேல்லை, அம்மா! என்ரை அப்பா செத்துப்போனார். நான் வாசல்ல நிக்கிறன். சின்னனில என்னைத் தூக்கின ஆக்கள் எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு என்னைக் கடந்து போகினம். நான் என்ன பிழை செய்தனான்?"

நான் அவளைப் பிடித்து இருத்தி, ஏன் சொல்வதில்லை என்று விளக்கினேன். மரியாதைக்குத்தான், எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் என்றேன். இத்தனை வருடமாக அவளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளைச் செத்தவீடுகளுக்கு நாங்கள் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப எலேனியின்ரை வீட்டில இருந்தும் இப்பிடியோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"அவவுக்கு இது தெரியுமோ?"

சாவு திரும்ப வரக்கூடாது என்று அந்த வீட்டு வாசலில் வாயைக் கட்டிக்கொண்டு வந்தோம். அது எங்களுடைய வீட்டுக்கு வந்தது. அங்கே அவளோ இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு இரவு முழுக்க நான் இவரை நினைத்து அழுதேனா எலேனியை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியாது.

5

சித்திரையில் அபி தொலைபேசியில் சொன்னாள். எலேனியின் விடுதி இந்தக் கோடையோடு மூடப்படுகிறதாம், இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். மெல்பேர்ணில் இருக்கிற மகன் வீட்டை விற்றுவிட்டுத் தாயைத் தன்னோடு கூப்பிடுகிறான். இலையுதிர்காலம் வருமுன் எல்லாம் முடிந்துவிடும்.

"போவம்" என்றேன்.

"அம்மா, நான் இப்பவே போன் எடுத்து இங்கிலீஷில விளங்கப்படுத்துறன். போகத்தான் வேணுமெண்டில்லை."

"வாசல்ல செய்த பிழையைப் போனில கழுவேலாது, பிள்ளை."

அவள் வாதாடவில்லை. லீவு எடுத்தாள். தன் பெயரிலேயே அறை பதிந்தாள். இவர் இல்லை என்பதை எலேனிக்கு நாங்கள் அறிவிக்கவில்லை. எதை முதலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நோர்வேஜியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைத் திரும்பச் சந்திக்கும்போது, 'போனமுறைக்கு நன்றி' என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். கப்பலில் இருந்தபோது அது ஞாபகம் வந்தது. போனமுறைக்கு நான் அவளுக்கு என்ன சொல்ல?

துறைமுகத்தில் ஏற்ற ஒருவரும் இல்லை. நடந்தே போனோம். எலேனி கறுப்பு உடுப்போடு வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். "வெல்கம்" என்றாள், முன்பின் தெரியாத ஆட்களுக்குச் சொல்வதுபோல. கடவுச்சீட்டுகளை வாங்கினாள். அத்தனை வருடத்தில் முதல் வருடத்துக்குப் பிறகு எங்களிடம் அவள் கடவுச்சீட்டு கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு, எங்களைத் தாண்டி ஒழுங்கையைப் பார்த்தாள். இவர் எப்போதும் பெட்டிகளோடு பின்னாலேதான் வருவார். ஒழுங்கை வெறுமையாக இருந்தது. பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். முந்தி என் பொட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பவள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

அபி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். எலேனி கடவுச்சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அறைத் திறப்பைத் தந்துவிட்டு உள்ளே போனாள். அறையில் எல்லாம் பழையபடியே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, வந்ததே பிழையோ என்று யோசித்தேன்.

பொழுது சாய்கிற நேரம் குசினி வாசலில் வந்து நின்று எங்களைக் கூப்பிட்டாள். நான் பழைய இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எலேனி அபியைப் பார்த்து ஆங்கிலமும் கிரேக்கமுமாகக் கதைத்தாள். அபி எனக்குச் சொன்னாள்.

"அவ சொல்லுறா, அண்டைக்கு உங்களுக்குக் குடுக்கவெண்டு குசினிக்குள்ள பை கட்டிக்கொண்டு நிண்டவவாம். யோர்கோஸ் செத்தாலும் அது குடுக்கவேணுமெண்டு. பையோட வெளியில வந்து பாத்தா ஒருத்தரும் இல்லை. ஒழுங்கைக்கு ஓடினவவாம். கப்பல் ஊதுமட்டும் அங்கையே நிண்டவவாம்."

எலேனி மேசையைத் துடைத்துக்கொண்டே கதைத்தாள். மேசையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"யோர்கோசுக்காகத்தான் நீங்கள் வந்தனீங்கள், தன்னை ஒருநாளும் ஒரு ஆளாய் நினைக்கேல்லை எண்டு விளங்கினதாம். கோவத்தில பையோட எல்லாத்தையும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டிட்டாவாம்."

"சொல்லு, அபி" என்றேன். "அவவுக்குச் சொல்லு."

அபி சொன்னாள். நீளமாக, ஆறுதலாகச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் போய்விட்டது என்றாலும் ஒரு சொல் விளங்கியது. 'வீ' என்றாள். நாங்கள் இப்படிச் செய்வோம், நாங்கள் சொல்லமாட்டோம் என்றாள். அம்மாவின் ஆட்கள் என்று சொல்லவில்லை. ஸ்டோவ்னர் வாசலில் தான் நின்றதையும், தன்னைக் கடந்து போனவர்களையும் சொல்லியிருக்கவேண்டும். கையால் சப்பாத்துகளைக் காட்டினாள். எலேனி துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

முடிந்ததும் எலேனி என் பக்கம் திரும்பி, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா?"

"நீங்கள் செய்தது பலிச்சுதாம். அதுக்குப் பிறகு இந்த வீட்டில ஒருத்தரும் சாகேல்லையாம்." அபி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சாகிறதுக்கு வேறை ஒருத்தரும் இருக்கேல்லையாம்."

நான் எழும்பிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் கட்டைபோல நின்றாள். பிறகு என் தோளில் தலையை வைத்தாள். இரண்டு கிழடுகள் குசினிக்குள் நின்று அழுவதைப் பார்க்கமுடியாமல், அபி முற்றத்துக்குப் போய்ப் பூனையோடு இருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க நான் விருந்தாளியாக இருக்கவில்லை. விரிப்புகளைக் கொடியில் போட்டேன், மீன் வெட்டினேன். ஒரு நாள் எலேனி என்னைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். மணல் நிரப்பிய தட்டில் மெல்லிய மெழுகுதிரி ஒன்றை நட்டு, "யோர்கோஸ்" என்றாள். பக்கத்தில் இன்னொன்றை நட்டு, "சிவாம்" என்றாள். இவருடைய பெயரைச் சிவம் என்று திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே புகை மணி இல்லை. இரண்டும் ஆறுதலாக எரிந்து முடிந்தன.

6

புறப்படுகிற காலை, அறையில் கட்டில்மேல் ஒரு பை இருந்தது. ஒறிகானோவும் உப்பு மொட்டுப் போத்தலும். நாங்கள் முகம் கழுவப் போன நேரம் அவள் வந்து வைத்திருக்கிறாள்.

வெளியே வந்தோம். எலேனி பந்தலுக்குக் கீழே, யோர்கோசின் கதிரையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் சில்லுச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவள் திரும்பவில்லை.

அபி என் காதுக்குள் சொன்னாள். "அம்மா, அவ எங்கடை முறையைச் செய்யிறா. இப்ப உங்கடை வீடுதானே செத்தவீடு."

எனக்கு விளங்கியது. அவள் கற்றுக்கொண்டதை ஒரு பிசகில்லாமல் செய்தாள். எனக்கு நல்லது நினைத்து, இன்னொரு சாவு என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நினைத்து, வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இதைவிட மரியாதை ஒருவரும் எனக்குச் செய்ததில்லை. அந்த மரியாதை எனக்கு வேண்டாமாய் இருந்தது. நான் ஒழுங்கை வாசலில் நின்றேன். அவள் தவறிப்போயாவது திரும்பவேண்டும், ஒரு சொல் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். போஞ்சிக்காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு அவள் இதே வாசலில் நின்றாளே, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

"நடவுங்கோ, அம்மா. கப்பல் போயிடும்."

நான் நடக்கவில்லை. திரும்பி முற்றத்துக்குள் போனேன். போகிற பயணத்தில் திரும்பி வரக்கூடாது என்பதும் எங்கள் முறைதான். அதையும் மீறினேன். அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எலேனி, நான் போட்டுவாறன்."

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். எத்தனை கோடை இவர் வாயால் கேட்டிருப்பாள். கத்தியைப் போட்டுவிட்டு எழும்பி, "ஓஹி, ஓஹி" என்று என் வாயைப் பொத்தினாள். வேண்டாம், சொல்லாதே என்று. கையில் பச்சைப் போஞ்சி மணத்தது. நான் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, இன்னொருதரம் சொன்னேன். "போட்டுவாறன்."

அவளுடைய முகம் உடைந்தது. பிறகு, யோர்கோஸ் சொல்கிற அதே இழுப்போடு சொன்னாள்.

"கே தூ க்ரோனு."

கப்பல் தட்டில் ஏறி, பெட்டியை வைத்தபிறகுதான் அபி கேட்டாள்.

"அடுத்த வருசம் அந்த வீடு இருக்காது, அம்மா. அவ மெல்பேர்ணில இருப்பா."

"தெரியும்."

"அவவுக்கும் தெரியும்."

"ஓம்."

"பின்னை ஏன் சொன்னனீங்கள்?"

"சொல்லாமலும் ஒருக்கா வந்து பாத்தாச்சு, பிள்ளை."

கப்பல் ஊதியது. ஒழுங்கை முனையில் ஒரு கறுப்பு உடுப்பு வந்து நின்றது. அபி பையை என் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எட்டி நின்று, கையை உயர்த்தி, அந்தத் துறைமுகத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்க, "ஹா டெ!" என்று கத்தினாள்.